கிராஃபீன் போர்த்திய செம்பு

2011இல் ‘ஏசிஎஸ் நானோ’ ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரையில் இரண்டு அமெரிக்கக் காசுகளின் படம் உண்டு. ஒன்றின் மேல் கிராஃபீன் வளர்த்திருந்தார்கள். மற்றது வெறும் காசு. ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டதும் வெறும் காசு கறுத்துப்போனது. கிராஃபீன் போர்த்திய காசு பளபளப்பு மாறாமல் இருந்தது. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ராட்னி ருவாஃபின் குழு செய்த வேலை அது. கிராஃபீன் போர்த்திய செம்பைக் காற்றில் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் 4 மணி நேரம் வரை வைத்தும் உலோகம் கெடவில்லை என்று அதே கட்டுரை சொன்னது. ஓர் அணுவின் தடிமனே உள்ள கார்பன் படலம், நிறத்தையும் மாற்றாமல், எடையையும் கூட்டாமல் செம்பைக் காக்கும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

இரண்டே ஆண்டுகள் கழித்து, 2013இல், அதே இதழில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து அலெக்ஸ் செட்டில் குழுவின் கட்டுரை வந்தது. நீண்டகால ஆக்சிஜனேற்றத் தடுப்பு என்று பார்த்தால் கிராஃபீன், ஒன்றுமே பூசாமல் விடுவதைவிட மோசம் என்பதுதான் அதன் தலைப்பின் சாரம். அறை வெப்பநிலையில், சாதாரணக் காற்றில், மாதக்கணக்கில் விட்டுப் பார்த்தபோது கிராஃபீன் போர்த்திய செம்பு வெறும் செம்பைவிட அதிகமாக அரித்துப்போயிருந்தது. அதே ஆண்டில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திலிருந்தும் ஏறத்தாழ அதே முடிவு வந்தது.

இரண்டு தரப்பிலும் அளவீட்டில் பிழையில்லை. இரண்டிலும் அடியில் இருந்தது செம்புதான், கிராஃபீனும் ஒரே முறையில் வளர்ந்ததுதான். அப்படியானால் எது மாறியது? காலத்தை எப்படி அளந்தார்கள் என்பது மாறியது. ஒரு தரப்பு காலத்துக்குப் பதிலாக வெப்பத்தை வைத்தது. மற்றது காலத்தையே வைத்தது. இந்த ஒரு வேறுபாட்டுக்குள் இந்தத் துறையின் பத்துப் பதினைந்து ஆண்டுச் சண்டையின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது என்பது என் கருத்து. அதைச் சொல்ல, கிராஃபீன் செம்பின் மேல் எப்படி வந்து உட்கார்ந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கிராஃபீனைத் தனித்தாளாகப் பிரித்துக் காட்டியவர்கள் மான்செஸ்டரின் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும். ஆண்டு 2004, நோபல் பரிசு 2010. ஒட்டுநாடாவால் கிராஃபைட்டை உரித்து அவர்கள் எடுத்த துணுக்குகள் மிகச் சிறியவை. பெரிய தாள் கிடைக்க வழி காட்டியது 2009இல் ருவாஃப் குழு ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட முறை. 25 மைக்ரான் தடிமனுள்ள செப்புத் தகட்டை உலையில் ஏறத்தாழ 1000 டிகிரிக்குச் சூடாக்கி, மீத்தேனையும் ஹைட்ரஜனையும் செலுத்தினால் மீத்தேன் உடைந்து கார்பன் அணுக்கள் செம்பின் மேல் தாளாகக் கோத்துக்கொள்ளும். செம்பில் கார்பன் கரைவதே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. அதனால் மேற்பரப்பு மூடியதும் மீத்தேனை உடைக்க வெற்றுச் செம்பு மிஞ்சாது. வளர்ச்சி ஓர் அடுக்கோடு நின்றுவிடும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: செம்பைக் காக்க யாரும் இதைச் செய்யவில்லை. செம்பு வெறும் வளர்ப்பு மேடை. தாள் வளர்ந்ததும் அதை அமிலத்திலோ ஃபெர்ரிக் குளோரைடிலோ கரைத்து எறிந்துவிட்டுக் கிராஃபீனை எடுத்துக்கொள்வதுதான் திட்டம். ‘பூச்சு’ என்ற எண்ணம் பிறகு வந்தது.

அந்த எண்ணத்துக்கு வலுவான காரணமும் இருந்தது. கிராஃபீனின் அறுகோண வளையத்துக்குள் எலெக்ட்ரான் மேகம் போக மிஞ்சும் துளை ஹீலியம் அணுகூட நுழைய முடியாத அளவுக்குச் சிறியது. 2008இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் குட்டிக் குழிகளைக் கிராஃபீனால் மூடிப் பார்த்தார்கள். ஹீலியம் தாளின் வழியாகக் கசியவில்லை. 2020இல் மான்செஸ்டர் குழு இந்தச் சோதனையைப் பல மடங்கு நுட்பமாகத் திருப்பிச் செய்து, மைக்ரான் அளவுள்ள தாளின் வழியே மணிக்கு ஒரு சில ஹீலியம் அணுக்கள் போனால்கூடத் தெரிந்துவிடும் நிலையிலும் எதுவும் போகவில்லை என்று காட்டியது. ஹீலியமே போகாதபோது ஆக்சிஜன் எப்படிப் போகும்?

தாளின் நடுவே போகாது. ஆனால் உலையில் வளரும் தாள் ஒரே தாளாக வளர்வதில்லை. செம்பின் மேல் ஆயிரக்கணக்கான புள்ளிகளில் தனித்தனித் தீவுகளாகத் தொடங்கி, விரிந்து, ஒன்றோடொன்று முட்டி இணைகிறது. இணையும் கோடுகளில் அறுகோணங்கள் ஒழுங்காக அமையாமல் ஐங்கோணமும் எழுகோணமுமாகக் கோணிக்கொள்கின்றன. இவற்றைப் படிக எல்லைகள் என்கிறோம். குளிரும்போது இன்னொரு தொல்லை. செம்பு 1000 டிகிரியிலிருந்து அறை வெப்பநிலைக்கு வரும்போது நீளத்தில் ஒன்றரை முதல் இரண்டு விழுக்காடு வரை சுருங்குகிறது. கிராஃபீனுக்கு அந்தச் சுருக்கம் கிடையாது. மிஞ்சிய தாள் மடிப்புகளாக எழுகிறது, சில இடங்களில் கிழிகிறது. செம்பின் மேற்பரப்பில் அணுப் படிகள் கொத்தாகச் சேர்ந்த இடங்களில் தாள் வளைந்து இறுக்கப்படுகிறது. ஹீலியத்தைத் தடுக்கும் தாள் என்பது உண்மை. செம்பை மூடியிருப்பது அந்தக் குறையற்ற தாள் இல்லை என்பதும் உண்மை.

2012இல் தென்கொரியாவின் சுங்கியுன்குவான் பல்கலைக்கழகத்தில் யங் ஹீ லீயின் குழு இந்தக் குறையையே கருவியாக்கியது. படிக எல்லைகளைப் பார்க்க அதுவரை விலையுயர்ந்த எலெக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். இவர்கள் ஈரமான காற்றில் புறஊதா ஒளியைப் பாய்ச்சினார்கள். உருவான ஆக்சிஜன் தீவிரக்கூறுகள் எல்லைகளின் வழியே இறங்கிக் கீழிருந்த செம்பை ஆக்சைடாக்கின; ஆக்சைடு உப்பி எழுந்து, எல்லைகள் கோடுகளாகச் சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே தெரிந்தன. எங்கே ஓட்டை என்று செம்பே வரைந்து காட்டியது.

*

செம்பு தன்னளவில் எப்படிக் களிம்பேறுகிறது என்பதையும் பார்த்துவிடலாம். சைவ சித்தாந்தத்தில் உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் செம்பின் களிம்பை உவமை சொல்வது வழக்கம். கூடவே பிறந்தது, இடையில் வந்தது அல்ல என்பது அதன் பொருள். வேதியியல் அதை ஒப்பாது. களிம்பு காற்றிலிருந்து வருகிறது. ஆனால் வந்து ஒட்டுவதற்கான நாட்டம் செம்பிலேயே இருக்கிறது. புதிதாகத் தேய்த்த செம்பின் மேல் சில நிமிடங்களிலேயே குப்ரஸ் ஆக்சைடு படியத் தொடங்கும். சில நானோமீட்டர் தடிமன் வந்ததும் வேகம் மளமளவென்று குறைந்துவிடும். மெல்லிய ஆக்சைடுக்குள் உருவாகும் மின்புலம்தான் அயனிகளை இழுத்துப் படலத்தை வளர்க்கிறது. படலம் தடிக்கத் தடிக்க அந்தப் புலம் வலுவிழக்கிறது. 1940களின் இறுதியில் கப்ரேராவும் மாட்டும் வகுத்த கோட்பாடு இது. அலுமினியத்தின் ஆக்சைடு அளவுக்குச் செம்பின் ஆக்சைடு இறுக்கமான கவசம் இல்லைதான். என்றாலும் அறை வெப்பநிலையில், உலர்ந்த காற்றில், செம்பு தன்னைத் தானே ஓரளவு காத்துக்கொள்கிறது.

கிராஃபீன் இந்தத் தற்காப்பில்தான் கை வைக்கிறது. மேற்பரப்பு முழுவதும் ஒரே சீராக வரவேண்டிய ஆக்சைடு இப்போது ஓட்டைகளின் அடியில் மட்டும் வருகிறது. அங்கே காற்றின் ஈரம் படிந்து மெல்லிய நீர்ப் படலம் உண்டாகிறது. கிராஃபீன் மின்கடத்தி; மின்வேதியியல் வரிசையில் கிராஃபைட்டுக்குத் தங்கம், பிளாட்டினத்துக்கு அருகில் இடம். செம்பு அதற்குக் கீழே. நீர் நடுவில் இருக்க, கடத்தும் இரண்டு பொருள்கள் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு மின்கலம். கீழ்நிலையில் உள்ளது அரிபடும், மேல்நிலையில் உள்ளது தப்பிக்கும். ஆக்சிஜன் எலெக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் வினை கிராஃபீனின் பரந்த பரப்பில் நடக்கலாம். எலெக்ட்ரானைக் கொடுக்கும் சுமையோ ஓட்டையின் அடியில் உள்ள சின்னஞ்சிறு செம்புப் பரப்பின் மேல் விழுகிறது. பெரிய எதிர்மின்வாய், சிறிய நேர்மின்வாய். அரிமானத் துறையில் உள்ளவர்கள் கெட்ட கனவில் காண்பது இந்த விகிதத்தைத்தான்.

இரும்புத் தகட்டுக்குத் துத்தநாகம் பூசுவதன் சூட்சுமம் இதற்கு நேர்மாறு. அங்கே பூச்சு கீழ்நிலை உலோகம். கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். பூச்சு மேல்நிலையில் இருந்தால் ஒரு கீறல் போதும், உள்ளே இருப்பது போய்விடும். நியூயார்க் துறைமுகத்தின் சுதந்திர தேவி சிலையில் நடந்தது இந்த வகைக் கதைதான், பாத்திரங்கள் மட்டும் இடம் மாறியிருந்தன. 1886இல் திறந்த அந்தச் சிலையின் தோல் சுமார் 2.4 மில்லிமீட்டர் செப்புத் தகடு; உள்ளே தாங்கி நிற்பது இரும்புச் சட்டம். இரண்டும் தொடாமலிருக்க ஷெல்லாக் தோய்த்த கல்நார் வைத்தார்கள். காலப்போக்கில் அது நைந்தது, உப்புக் காற்றின் ஈரம் புகுந்தது, செம்பு மேல்நிலையில் நின்று இரும்பை அரிக்க வைத்தது. 1986ஆம் ஆண்டு நூற்றாண்டுப் புதுப்பிப்பின்போது இரும்புப் பட்டைகளை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு வைக்க வேண்டியதாயிற்று. அங்கே மேல்நிலையில் இருந்த செம்பு, கிராஃபீனிடம் அகப்பட்டுக்கொண்டதும் இரும்பின் இடத்துக்கு வந்துவிடுகிறது. அந்தச் சிலையின் வெளிப்புறச் செம்போ நூறாண்டுக்கு மேல் பச்சைக் களிம்பின் துணையிலேயே நிற்கிறது, எந்தப் பூச்சும் இல்லாமல்.

இப்போது 200 டிகிரிச் சோதனைக்குத் திரும்பினால் புதிர் அவிழும். அரிமானச் சோதனைகளில் சூட்டைக் கூட்டிக் காலத்தைக் குறைப்பது பழைய வழக்கம். ஒரே வினை, சூட்டில் வேகமாக நடக்கிறது என்ற நம்பிக்கை அதன் அடிப்படை. ஆனால் 200 டிகிரியில் மேற்பரப்பில் நீர்ப் படலமே நிற்காது. நீர் இல்லையென்றால் மின்கலம் இல்லை. ஆக்சிஜன் நேராக வந்து செம்பைத் தாக்கும் உலர்வினை மட்டும்தான் அங்கே நடக்கிறது. அதைக் கிராஃபீன் நன்றாகவே தடுக்கிறது, வெறும் செம்போ மளமளவென்று தடித்த ஆக்சைடாகிறது. எனவே ஒப்பீட்டில் கிராஃபீன் வெல்கிறது. அறை வெப்பநிலையில் ஆடுகளமே வேறு: அங்கே வெறும் செம்பின் ஆக்சைடு சில நானோமீட்டரோடு அடங்குகிறது, ஈரமோ நாள்தோறும் வந்து படிகிறது, மின்கலம் ஓய்வதில்லை. குற்றவாளியை அறையை விட்டு அனுப்பிவிட்டு விசாரணை நடத்தியது போலத்தான் அந்தச் சூட்டுச் சோதனை. செய்தவர்கள் பொய் சொல்லவில்லை. 4 மணி நேரம் என்றுதான் எழுதினார்கள். அந்த நான்கு மணி நேரத்தை ஆண்டுகளாகப் படித்தது மற்றவர்கள்.

திரவத்தில் நடத்திய மின்வேதியியல் சோதனைகளுக்கும் இதே குறை உண்டு. 2012இல் வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தார் செம்பின் மேல் வளர்த்த கிராஃபீன் அரிமானத்தை 7 மடங்கு குறைக்கிறது, நிக்கலின் மேல் வளர்த்த பல அடுக்குக் கிராஃபீன் 20 மடங்கு குறைக்கிறது என்று கணக்குக் காட்டினார்கள். நல்ல கணக்கு. ஆனால் மின்முனையைக் கரைசலில் தோய்த்து அளக்கும் இந்த வகைச் சோதனை ஒரு பொழுதில் முடிந்துவிடுவது. அரிமானம் ஒரு பொழுதில் முடியும் காரியமா?

*

கட்டுரைகள் பெரும்பாலும் செம்புக்கு என்ன ஆகிறது என்றே கேட்கின்றன. கீழே செம்பு ஆக்சைடாகும்போது மேலே உள்ள கிராஃபீனுக்கு என்ன ஆகிறது என்ற கேள்விதான் எனக்குச் சுவையானது.

முதலில் கண்ணால் பார்க்கக்கூடியது. கிராஃபீன் தீவுகள் பாதி மூடிய செப்புத் தகட்டை ஆய்வுக்கூடத்துச் சூட்டுத் தட்டில், 200 டிகிரிக்குச் சற்றுக் குறைவான சூட்டில், சில நிமிடங்கள் வைத்தால் போதும். வெற்றுச் செம்பு ஆரஞ்சு, செம்பழுப்பு, ஊதா என்று நிறம் மாறிக்கொண்டே போகும். ஆக்சைடுப் படலத்தின் தடிமனைப் பொறுத்த குறுக்கீட்டு நிறங்கள் இவை. கிராஃபீன் மூடிய தீவுகள் மட்டும் பழைய செம்பு நிறத்திலேயே, அறுகோணங்களாகவும் பூவிதழ்களாகவும் மினுங்கும். உலையில் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க ஆராய்ச்சி மாணவர்கள் செய்யும் முதல் வேலை இதுதான். அதே தகட்டைச் சூடாக்காமல் மேசையில் சில வாரம் விட்டால் கதை தலைகீழ்: தீவுகளின் ஓரங்களிலும் மடிப்புகளின் ஓரத்திலும் கருங்கோடுகள் கிளம்பி உள்நோக்கிப் பரவும்.

அடுத்தது அணுக்களின் மட்டத்தில் நடப்பது. புதிதாக வளர்ந்த கிராஃபீனுக்குச் செம்பு எலெக்ட்ரான்களைக் கொடுக்கிறது. அலுமினியம், வெள்ளி, செம்பு ஆகியவை கொடுக்கும், தங்கமும் பிளாட்டினமும் வாங்கிக்கொள்ளும் என்று 2008இலேயே கணக்கிட்டுச் சொல்லியிருந்தார்கள். ஒளிஎலெக்ட்ரான் அளவீடுகள் அதை உறுதிசெய்தன: செம்பின் மேல் உள்ள கிராஃபீனின் டிராக் புள்ளி ஃபெர்மி மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 0.3 எலெக்ட்ரான் வோல்ட்டில் நிற்கிறது. அதோடு, குளிரும்போது செம்பு சுருங்கியதால் தாள் நெருக்கப்பட்ட நிலையிலும் இருக்கிறது. எலெக்ட்ரான் மிகுதி, நெருக்கம்: புதுத் தாளின் இரண்டு அடையாளங்கள் இவை.

ஆக்சிஜன் இடையில் நுழைந்ததும் இரண்டும் கலைகின்றன. செம்பின் மேலடுக்கு ஆக்சிஜனோடு பிணைந்துகொண்டு கிராஃபீனைக் கைவிடுகிறது. எலெக்ட்ரான் வரத்து நின்று தாள் சமநிலையை நெருங்குகிறது. சில மாதிரிகளில் அதையும் தாண்டி எலெக்ட்ரான் குறைவின், அதாவது துளை மிகுதியின், பக்கம் சாய்கிறது. பிறகு ஆக்சைடு தடிக்கிறது. செம்பு குப்ரஸ் ஆக்சைடானால் அதன் பருமன் சுமார் 1.6 மடங்காகும். இந்த உப்பல் எல்லா இடத்திலும் ஒரே அளவில் வராததால் தாள் மேடுபள்ளமாகத் தூக்கப்படுகிறது. நெருக்கம் சில இடங்களில் தளர்கிறது, சில இடங்களில் இழுவையாக மாறுகிறது.

இதையெல்லாம் படிக்க உதவுவது ராமன் நிறமாலை. கிராஃபீனின் ஜி கோடு 1580க்கு அருகிலும் 2டி கோடு 2700க்கு அருகிலும் விழும். அலகு, செமீக்கு இத்தனை அலை என்ற கணக்கு. நெருக்கமும் எலெக்ட்ரான் மிகுதியும் இரண்டு கோடுகளையுமே நகர்த்துகின்றன. எது எவ்வளவு நகர்த்தியது என்று பிரிப்பது எப்படி? 2012இல் கொரியாவின் சுன்மின் ரியூ குழு ஓர் எளிய வழி சொன்னது. ஜி கோட்டின் இடத்தை ஓர் அச்சிலும் 2டி கோட்டின் இடத்தை மற்றதிலும் குறித்தால், நெருக்கம், இழுவை ஆகிய திரிபினால் வரும் நகர்வு சுமார் 2.2 சாய்விலும் துளை மிகுதியால் வருவது சுமார் 0.7 சாய்விலும் ஓடும். புள்ளி எந்தத் திசையில் நகர்கிறது என்று பார்த்தால் காரணம் தெரியும். சிலிக்கான் ஆக்சைடின் மேல் இருக்கும் கிராஃபீனுக்குச் சொன்ன இந்த அளவுகோலை உலோகத்தின் மேல் அப்படியே வைப்பது எனக்கு உவப்பில்லை; பலர் வைக்கிறார்கள். திசையை நம்பலாம், எண்களை அவ்வளவு நம்பக் கூடாது.

ராமன் காட்டும் இன்னொரு செய்தி இன்னும் முக்கியம். புதுச் செம்பின் மேல் கிராஃபீனின் கோடுகள் செம்பின் ஒளிர்வுப் பின்னணியில் மங்கலாகத் தெரியும். ஆக்சைடாகிய இடங்களில் அதே கோடுகள் பளிச்சென்று எழுகின்றன. கூடவே 150, 220, 640 அருகே குப்ரஸ் ஆக்சைடின் கோடுகளும் வருகின்றன. தாளில் அணுக்கள் சிதைந்தால் 1350க்கு அருகே டி கோடு ஏறும். பெரும்பாலும் அது அவ்வளவாக ஏறுவதில்லை. அதாவது செம்பு அரித்துப்போன பிறகும் போர்வை ஏறக்குறைய முழுதாகவே இருக்கிறது. காக்க வந்தது பிழைத்துக்கொண்டது, காக்கப்பட வேண்டியது போய்விட்டது. ‘பூச்சு கெடவில்லை’ என்று ராமன் நிறமாலையை மட்டும் காட்டி எழுதும் கட்டுரைகளைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே நுழைவது யார் என்பதில் இப்போது ஓரளவு ஒத்த கருத்து உண்டு. வறண்ட ஆக்சிஜன் தனியே பெரிய சாதனை செய்வதில்லை. நீர்தான் வழி திறக்கிறது. குறைகளில் நீர் மூலக்கூறு உடைந்து, அதிலிருந்து வரும் ஆக்சிஜன் உள்ளே செலுத்தப்படுகிறது என்று 2017இல் கொரிய ஆய்வாளர்கள் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் எழுதினார்கள். எல்லாக் குறையும் ஒன்றல்ல, செம்பின் எந்தப் படிக முகத்தின் மேல் தாள் வளர்ந்தது என்பதைப் பொறுத்து ஓட்டையின் குணமே மாறுகிறது என்றும் அதே கட்டுரை சுட்டியது. உள்ளே புகுந்த நீர் மடிப்புகளைச் சுரங்கப் பாதையாக்கிக்கொண்டு மேலும் பரவுகிறது.

படிக முகம் என்ற இந்தக் கடைசிக் குறிப்புதான் சண்டையை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தது. செம்பின் 111 முகத்தில் அணுக்கள் அறுகோணமாக அடுக்கியிருக்கின்றன, இடைவெளி 0.256 நானோமீட்டர். கிராஃபீனின் இடைவெளி 0.246. நான்கு விழுக்காடே வித்தியாசம். 100 முகத்தில் அடுக்கு சதுரம். அறுகோணத் தாள் அதன் மேல் இசையாது. 2018இல் பெய்ஜிங் பல்கலைக்கழகத்தின் கைஹுய் லியூ குழு ‘அட்வான்ஸ்டு மெட்டீரியல்ஸ்’ இதழில் காட்டியது இது: 111 முகத்தின் மேல் வளர்ந்த கிராஃபீன், ஈரக் காற்றில் இரண்டரை ஆண்டுக்கு மேல் செம்பைக் காத்தது, 100 முகத்தின் மேல் வளர்ந்ததோ அரிமானத்தை விரைவுபடுத்தியது. 111இல் தாளும் உலோகமும் இறுகப் பொருந்தியிருப்பதால் நீருக்கு இடைவெளி இல்லை. 100இல் நீளநீளமான மடிப்புகள் நீருக்குப் பாதை போட்டுக் கொடுக்கின்றன. கடையில் வாங்கும் செப்புத் தகட்டைச் சூட்டில் பதப்படுத்தினால் பெரும்பாலும் 100 முகமே மேலோங்கும். முந்தைய கட்டுரைகள் ஒன்றோடொன்று முரண்பட்டதில் வியப்பில்லை. யார் தகட்டில் எந்த முகம் எவ்வளவு இருந்தது என்று பலர் பார்த்ததே இல்லை.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். 2022இல் தென்கொரியாவின் பூசான் தேசியப் பல்கலைக்கழகத்தார் ‘நேச்சர்’ இதழில் வேறொன்றைக் காட்டினார்கள். படிகள் ஓர் அணு உயரத்தைத் தாண்டாத அளவுக்குத் தட்டையான செம்பு 111 படலம், மேலே எதையும் போர்த்தாமலேயே காற்றில் ஆக்சிஜனேற்றத்தைத் தாங்கி நிற்கிறது. ஆக்சிஜன் உள்ளே போகும் வாசல் உயரமான படிகள்தான். படி இல்லையென்றால் வாசல் இல்லை. அப்படியானால் 111 முகத்தில் கிடைத்த வெற்றியில் கிராஃபீனுக்கு எவ்வளவு பங்கு, தட்டையான செம்புக்கு எவ்வளவு பங்கு? பெய்ஜிங் கணக்கு நீர் இடையே புகுவதைப் பற்றியது, பூசான் கணக்கு வெறும் மேற்பரப்பைப் பற்றியது, ஆகவே ஒன்று மற்றதை மறுக்கவில்லை. ஆனாலும் மாலை முழுவதையும் கிராஃபீன் கழுத்தில் போடுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

நிக்கலைப் பார்த்தால் பொருத்தத்தின் மதிப்பு இன்னும் தெளிவாகும். கேம்பிரிட்ஜைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஒரு குழு 2015இல் ஓரடுக்குக் கிராஃபீன் நிக்கலைப் பதினெட்டு மாதத்துக்கு மேல் காத்ததைக் காட்டியது. நிக்கல் கிராஃபீனை வலுவாகப் பிடித்துக்கொள்கிறது, இடையில் ஆக்சிஜன் விரைந்து பரவ இடம் தருவதில்லை. ஓட்டை உள்ள இடத்தில் உருவாகும் நிக்கல் ஆக்சைடு அந்த ஓட்டையையே அடைத்துக்கொள்கிறது. செம்பிடம் இந்த இரண்டு குணமும் இல்லை. கிராஃபீனைச் செம்பு பிடித்திருப்பது மென்மையான வாண்டர்வால்ஸ் விசையால்; அதன் ஆக்சைடும் அடைப்பானாக வேலை செய்வதில்லை.

பிடி தளர்வது பூச்சுக்குக் கேடு. ஆனால் கிராஃபீனை எடுக்க வேண்டியவர்களுக்கு அதுவே வரமாகியது. செம்பை அமிலத்தில் கரைத்து எடுக்கும் பழைய முறையில் தாளில் அழுக்கும் கிழிசலும் மிஞ்சும், செம்பும் வீண். ஜெர்மனியின் ஆஹன் நகரில் கிறிஸ்டோஃப் ஸ்டாம்ஃபரின் குழுவினர் அவசரப்படவில்லை. இடைமுகத்தில் ஆக்சைடு தானே உருவாகட்டும் என்று விட்டார்கள். பிடி தளர்ந்த பிறகு, அறுகோண போரான் நைட்ரைடுத் துணுக்கை மேலே வைத்து அழுத்தித் தூக்கினால் கிராஃபீன் அதனோடு வந்துவிடும். தண்ணீரும் வேண்டாம், அமிலமும் வேண்டாம். 2015இல் ‘சயன்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வெளியான அந்த முறையில் எடுத்த தாளில் எலெக்ட்ரான் இயக்கத்திறன் தாழ்ந்த வெப்பநிலையில் 3,50,000 சதுர செமீ / வோல்ட் நொடி வரை போனது; உலையில் வளர்த்த கிராஃபீன் ஒட்டுநாடாக் கிராஃபீனுக்கு இளைத்ததல்ல என்று அன்று நிரூபணமானது. செப்புத் தகட்டை மறுபடி உலைக்கு அனுப்பலாம். தோல்வி என்று எழுதப்பட்ட ஒரு வினை, ஆள் மாறியதும் வழிமுறையாயிற்று.

*

மாற்று வழிகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். கிராஃபீனின் ஓட்டைகளை மட்டும் அணுவடுக்குப் படிவு முறையில் அலுமினாவால் அடைத்துப் பார்த்தார்கள். பலன் கிடைத்தது, ஆனால் அலுமினாவே பூசத் தெரிந்தவருக்குக் கிராஃபீன் எதற்கு என்ற கேள்வி எழுகிறது. அறுகோண போரான் நைட்ரைடு கிராஃபீனைப் போன்றே மெல்லிய தாள், மின்சாரத்தைக் கடத்தாது. எனவே மின்கலச் சிக்கல் இல்லை. 2013இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் புலிக்கல் அஜயனின் குழு அதைக் கொண்டு நிக்கலை 1100 டிகிரி வரை காத்தது. செம்புக்கு ஏற்ற மெல்லிய தாள் என்றால் என் ஓட்டு இதற்குத்தான், பெரிய பரப்பில் ஒழுங்காக வளர்க்கக் கற்றுக்கொண்டால். கிராஃபீன் துணுக்குகளைப் பிசினில் கலந்து பூசும் வண்ணங்கள் வேறு இனம். அங்கே துணுக்குகள் ஈரத்தின் வழியைச் சுற்றுவழியாக்குகின்றன, காப்பது பிசின். துணுக்குகள் ஒன்றையொன்று தொட்டு மின்வழி உண்டாகுமளவுக்குக் கொட்டிக் கலந்து, பூச்சிலும் கீறல் விழுந்தால், பழைய மின்கலம் அங்கேயும் தலைதூக்கும். 2017இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து ‘நேச்சர் நானோடெக்னாலஜி’ இதழில் வந்த ஒரு சிறு எச்சரிக்கைக் குறிப்பு இந்த ஆபத்தைத்தான் சுட்டியது.

ஆகவே தீர்ப்பு: சாதாரணப் பல்படிகச் செம்பின் மேல் ஓரடுக்குக் கிராஃபீன் ஒரு தற்காலிகப் போர்வை. உலையிலிருந்து எடுத்த தகட்டைச் சில நாள் பத்திரமாக வைத்திருக்கவும், சூட்டில் குறுகிய நேரம் காக்கவும் அது உதவும். ஆண்டுக்கணக்கில் காக்க வேண்டிய செம்புச் சிலைக்கோ கூரைக்கோ குழாய்க்கோ அது தீங்கு. 111 முகமாக, ஒற்றைப் படிகமாக வளர்த்த செம்பின் மேல் அது காக்கிறது. ஆனால் அந்தச் செம்பு ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே அதிகம் வருவதில்லை. வெளியே உள்ள செம்புக்கு 1960களில் உருவான, பென்சோட்ரையசோல் கலந்த இன்க்ராலாக் போன்ற அரக்கு வகைகள் இன்றைக்கும் நம்பகமாக வேலை செய்கின்றன. ‘கிராஃபீன் பூச்சு’ என்று எழுதி யாராவது செம்புப் பொருளையோ மின்இணைப்பையோ விற்க வந்தால், எத்தனை டிகிரி தாங்கும் என்று கேட்காதீர்கள். ஈரமான காற்றில் ஒரு கீறலோடு எத்தனை மாதம் விட்டுப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.